தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு கோப்பு

ஒவ்வோர் இல்லத்திலும் எழுதப்படாத பட்டியல் ஒன்று இருக்கிறது. உம்மாவின் சர்க்கரை மாத்திரை நாளை மறுநாள் தீர்ந்துவிடும். மகனின் பள்ளிக் கட்டணத்திற்கு இந்த வாரமே கடைசி. எரிவாயு உருளைக்குச் சொல்ல வேண்டும். ராத்தா வீட்டுக் கல்யாணத்திற்குத் தைக்கக் கொடுத்த துணியை வாங்கி வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அடுத்த முறை பேசும்போது வங்கிப் படிவத்தைப் பற்றி மறவாமல் கேட்க வேண்டும். இத்தனையும் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் ஒரே ஒருவரின் தலைக்குள்! அந்த ஒருவர் பெரும்பாலான வீடுகளில் இல்லத்தரசியாகவே இருக்கிறார்.

பால் வாங்க மறந்தால் கடுங்காப்பியோடு காலை கழிந்துவிடும். ஆனால் எல்லா மறதியும் அவ்வளவு மலிவானதல்ல. பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால்தான் பல நாடுகள் உள்ளே அனுமதிக்கின்றன. பெரியவர்களின் பாஸ்போர்ட்டுக்குப் பத்து ஆண்டுகள் ஆயுள் உண்டு. குழந்தைகளுடையதற்கோ ஐந்தே ஆண்டுகள். தகப்பனாரின் பாஸ்போர்ட் செல்லும், பிள்ளையுடையது செல்லாது என்பது பயணச்சீட்டு எடுத்த பிறகு தெரிய வந்தால் என்ன ஆகும்? ஆயுள் காப்பீட்டின் ஆண்டுத் தவணைக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் கடந்தால் பாலிசி காலாவதியாகிறது. நாம் தலைக்குள் சுமக்கும் பட்டியலில் மல்லித்தழையும் இருக்கிறது, பாலிசியும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டி மோதிக்கொண்டு கிடக்கின்றன என்பதுதான் தொல்லையே.

அன்பு வாசகர்களே! இந்தச் சுமையை இறக்கி வைப்பதற்குச் செலவில்லாத, எளிய வழி ஒன்றை இக்கட்டுரையில் காண்போம். உங்கள் கைபேசியிலோ கணினியிலோ ஒரே ஒரு வெற்றெழுத்துக் கோப்பு. அதில் ஒரு வேலைக்கு ஒரு வரி. இவ்வளவுதான் அடிப்படை. அதை உங்கள் வீட்டின் அளவுக்கு எப்படித் தைத்துக்கொள்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மனம் ஏன் விடுவதில்லை?

அரைகுறையாக நிற்கும் வேலை மனத்தை ஏன் அரித்துக்கொண்டே இருக்கிறது என்பதை உளவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ப்ளூமா ஸைகார்னிக் என்னும் பெண்மணி, பெர்லின் நகரில் தாம் நடத்திய சோதனைகளை 1927-ஆம் ஆண்டு வெளியிட்டார். சிலருக்குச் சிறு சிறு வேலைகளைக் கொடுத்து, அவற்றுள் பாதியை முடிக்க விடாமல் நடுவே நிறுத்தினார். பிறகு, ‘என்னென்ன செய்தீர்கள்?’ என்று கேட்டபோது, முடித்த வேலைகளைவிட முடிக்காத வேலைகளே அவர்களுக்குக் கூடுதலாக நினைவுக்கு வந்தன. பிற்காலத்தில் இதே சோதனையைச் செய்த எல்லாருக்கும் இதே விடை கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இல்லங்களுக்குப் பயன்படக்கூடிய விடை 2011-ஆம் ஆண்டு கிடைத்தது. மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், முடியாத வேலை ஒன்றை நினைவூட்டிவிட்டுச் சிலரைக் கதைப் பகுதி ஒன்றைப் படிக்கச் செய்தனர். அவர்களின் கவனம் சிதறியது. ஆனால் அந்த வேலையை எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று திட்டமிட்டவர்களிடம் அந்தச் சிதறலைக் காணவில்லை. கவனியுங்கள்! அவர்கள் வேலையை முடித்துவிடவில்லை. தெளிவாகத் திட்டமிட்டார்கள், அவ்வளவே. மனத்திற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

2018-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்திலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, படுக்கையறைக்கே வந்துவிட்டது. 57 இளையோரைப் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு சாரார் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினர். மறு சாரார் செய்து முடித்தவற்றை எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டனர். எத்தனை விரிவாக எழுதினார்களோ அத்தனை விரைவாகக் கண்ணயர்ந்தனர். நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்து, ‘அடடா, கட்டணம் கட்டவில்லையே!’ என்று தவிக்கும் தாய்மார்களுக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன வேண்டும்?

ஏன் வெற்றெழுத்து?

தடித்த எழுத்து, வண்ணம், படம், கட்டம் எதுவும் இல்லாமல், எழுத்துகள் மட்டுமே உள்ள கோப்பையே இங்கு வெற்றெழுத்துக் கோப்பு என்கிறோம். கணினியில் உள்ள நோட்பேட் செயலி எழுதுவது இதைத்தான். ‘வேலைப் பட்டியலுக்கென்றே அழகழகான செயலிகள் இருக்கும்போது இந்த வெறுங்கோப்பு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். அவை அழகானவைதாம். ஆனால் அவை நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஆஸ்ட்ரிட் என்னும் செயலியைப் பலர் விரும்பிப் பயன்படுத்தினர். 2013-இல் யாஹூ நிறுவனம் அதை விலைக்கு வாங்கி, அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூடிவிட்டது. பெர்லினில் பிறந்த வுண்டர்லிஸ்ட் செயலியை 2015-இல் மைக்ரோஸாஃப்ட் வாங்கியது. 2020 மே மாதத்தில் அதுவும் நிறுத்தப்பட்டது. பயன்படுத்தியவர்கள் தங்கள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறிடம் தேட வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் என்னதான் வண்ணம் பூசினாலும், ‘காலி செய்’ என்றால் காலி செய்துதானே ஆக வேண்டும்?

வெற்றெழுத்துக் கோப்போ சொந்த வீடு. ஆங்கில எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் ஆஸ்கி என்னும் தரம் 1963-இல் வந்தது. அந்த முறையில் எழுதப்பட்டவற்றை இன்றைய கணினியும் தடையின்றிப் படிக்கிறது.

தமிழுக்கு இந்த நிலை எளிதில் வாய்க்கவில்லை. தொண்ணூறுகளில் அச்சகத்திற்கு ஒரு எழுத்துரு, பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்று இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் தட்டச்சு செய்ததை, அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடுமாகப் புரியாத கோலம்தான் திரையில் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழுக்கெனப் பொதுத் தரங்கள் அறிவிக்கப்பட்டதும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கே. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு, 1991-இல் வெளியான தன் முதல் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தது. அது எல்லாக் கருவிகளிலும் பரவிய பிறகே, நீங்கள் இங்கே எழுதும் தமிழ் வரியைத் துபாயில் இருப்பவர் தம் கைபேசியில் அப்படியே படிக்க முடிகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய விண்டோஸ் கணினிகளில் நோட்பேட், தானாக யூனிகோடு முறையில் சேமிப்பதில்லை. கவனியாமல் சேமித்தால் தமிழெழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும்; பிறகு மீட்க வழியில்லை. 2019-ஆம் ஆண்டு மே மாதம் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்துதான் யுடிஎஃப்-8 என்னும் யூனிகோடு வடிவம் இயல்பாக்கப்பட்டது. உங்கள் வீட்டுக் கணினி அதற்கு முந்தியதானால், சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

ஒரு வேலைக்கு ஒரு வரி

ஜீனா ட்ரபானி என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர், கணினி நிரலும் எழுதத் தெரிந்தவர். வெற்றெழுத்துக் கோப்பில் வேலைகளைக் குறித்து வைக்க ‘டூடூ டெக்ஸ்ட்’ என்னும் முறையை 2006-இல் அவர் வகுத்தளித்தார். அதன் விதிகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒரு வேலைக்கு ஒரு வரி. அவசரமான வேலையாயின் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து. எந்தப் பெரிய காரியத்தின் பகுதி அது என்பதைக் காட்ட + குறி. எங்கே, எதைக் கொண்டு செய்வது என்பதைக் காட்ட @ குறி. முடிந்துவிட்டால் வரியின் முன்னால் ஆங்கில ‘எக்ஸ்’ எழுத்து. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பதும் அம்முறையின் வழக்கம். அப்படி எழுதினால் வரிகளை அகர வரிசையில் அடுக்கும்போதே அவை கால வரிசையிலும் அமைந்துவிடும்.

இந்த முறையின் சிறப்பு, எதையும் சேர்க்கவும் விலக்கவும் அது இடம் கொடுப்பதுதான். கெடுநாளுக்கெனத் தனி இடம் அதன் அடிப்படை விதிகளில் இல்லை. தேவைப்பட்டோர் தாங்களே சேர்த்துக்கொண்டனர். நாமும் நம் வசதிக்கேற்ப, கெடு உள்ள வேலைகளுக்கு அந்தத் தேதியையே வரியின் முதலில் எழுதலாம். நாம் தொடக்கத்தில் கண்ட இல்லத்தின் பட்டியல் இவ்வாறு அமையும்:

2026-06-08 பள்ளிக் கட்டணம் கட்டு @வங்கி
2026-06-10 சர்க்கரை மாத்திரை ஒரு மாதத்திற்கு வாங்கு +உம்மா @மருந்துக்கடை
தைத்த துணியை வாங்கி அளவு பார் +கல்யாணம் @கடைத்தெரு
வங்கிப் படிவத்தில் யார் கையொப்பம் இட வேண்டும் என்று கேள் @தொலைபேசி
காத்திருப்பு: மாமி இரவல் வாங்கிய தேக்சா இரண்டு +கல்யாணம்

கடைத்தெருவுக்குப் புறப்படும்போது @கடைத்தெரு என்று தேடினால், அங்கே முடிக்க வேண்டியவை எல்லாம் கண்முன் வரும். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தவுடன் @தொலைபேசி என்று தேடினால், கேட்க நினைத்தவை அனைத்தும் கிடைக்கும். பேசி முடித்து வைத்த பிறகு, ‘கேட்க மறந்தேனே!’ என்று வருந்த வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். நம் மொழியில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. ‘கல்யாணம்’ என்று தேடினால் ‘கல்யாணத்திற்கு’ என்று எழுதிய வரி கிடைக்காது. ‘வீடு’ என்று தேடினால் ‘வீட்டை’ என்பது சிக்காது. ஆகவே குறியுடன் எழுதும் சொல்லை உருபு சேர்க்காமல், எப்போதும் ஒரே வடிவில் எழுதுங்கள். இன்று கல்யாணம், நாளை திருமணம், மறுநாள் நிக்காஹ் என்று மாற்றி மாற்றி எழுதினாலும் தேடல் பலிக்காது.

அளவெடுத்துத் தையுங்கள்

கடையில் தொங்கும் ஆயத்த ஆடை யாருக்காகவோ தைத்தது. நமக்குத் தைப்பவர் முதலில் அளவெடுக்கிறார். வேலைப் பட்டியலுக்கும் அளவெடுத்தாக வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு எந்தக் குறியும் வேண்டாம். மனத்தில் தோன்றுவதை வரிக்கு வரி எழுதுங்கள், முடிந்ததைக் குறியுங்கள். எங்கே இறுக்குகிறது, எங்கே தளர்கிறது என்பது அதற்குள் விளங்கிவிடும்.

பகலெல்லாம் அலைந்து திரியும் வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வேலை இடத்தோடு பிணைந்தது. @மொத்தக்கடை, @வங்கி, @கணக்கர் என்ற குறிகள் போதும். + குறி தேவையில்லை. சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கை மாதந்தோறும் அளிப்பவராயின், அடுத்த மாதம் 20-ஆம் தேதி என்னும் கெடு திரும்பத் திரும்ப வரும். இத்தகைய வேலைகளுக்கு அவர் கோப்பின் அடியில் ‘மாதந்தோறும்’ என்று ஒரு பகுதி வைத்துக்கொண்டு, மாதத்தின் முதல் நாளில் அந்த வரிகளை மேலே படியெடுத்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு இடம் பெரிதல்ல, நேரமே அரிது. குழந்தை உறங்கும் கால் மணி நேரத்தில் எதை முடிக்கலாம் என்பதே அவரின் கேள்வி. அவர் @கால்மணி, @குழந்தையோடு, @துணை என்று மூன்று குறிகளை வைத்துக்கொள்ளலாம். தமிழகத்தில் பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அந்தக் கெடுநாளையும் அவர் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டால், ‘பிறகு பார்ப்போம்’ என்பது பள்ளியில் சேர்க்கும் நாள்வரை நீளாது.

கல்லூரி மாணவருக்கோ பாடமே பிரிவு. முதியவருக்கு மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளே பட்டியல். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது. அண்டை வீட்டாரின் முறையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள்.

குறியைச் சேர்ப்பதற்கும் ஓர் அளவு வேண்டும். ஒரே சிரமம் மூன்று முறை நேர்ந்தால் மட்டும் அதற்கென ஒரு குறியைச் சேருங்கள். ஒரு மாதமாகப் பயன்படாத குறியை நீக்கிவிடுங்கள். இல்லையேல் பட்டியலை அழகுபடுத்துவதே ஒரு வேலையாகி, செய்ய வேண்டிய வேலை அப்படியே கிடக்கும்!

எழுதும் வரி வேலையாக இருக்கட்டும்

பலருடைய பட்டியல் பயன் தராமல் போவதற்குக் காரணம், அதில் வேலைகள் இல்லை, பெயர்கள் மட்டுமே இருக்கின்றன என்பதுதான். ‘பாஸ்போர்ட்’ என்று எழுதி வைத்தால் அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சுதான் வரும். என்ன செய்வது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. ‘அலமாரியிலுள்ள நான்கு பாஸ்போர்ட்டுகளின் காலாவதித் தேதிகளையும் பார்த்து இங்கே எழுது’ என்பது வேலை. ஐந்து நிமிடத்தில் முடியும். அடுத்த வரி அதிலிருந்து தானே பிறக்கும். 2011-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னதும் இதுவே. எப்போது, எங்கே, எப்படி என்ற தெளிவுதான் மனத்தை அமைதிப்படுத்துகிறது. ஆகவே ஒவ்வொரு வரியும் கட்டு, வாங்கு, கேள், பார், எழுது என்று ஒரு வினையில் அமையட்டும்.

நம் கையில் இல்லாத வேலைகளையும் எழுதுங்கள். பிறர் செய்து தர வேண்டியவை, இரவல் போன பொருள்கள், கொடுத்த கைமாற்று, வாங்கிய கைமாற்று, நம்மிடம் அமானத்தாக வைக்கப்பட்ட பொருள்கள் ஆகிய எல்லாமே ‘காத்திருப்பு’ என்ற சொல்லோடு கோப்பில் இருக்கட்டும். உறவுகளுக்கிடையே மனக்கசப்பு உண்டாவது பெரும்பாலும் இத்தகைய சின்னஞ்சிறு மறதிகளால்தானே?

வாரத்திற்கு ஒருமுறை கால் மணி நேரம் ஒதுக்கி, கோப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள். முடிந்தவற்றை ‘முடிந்தவை’ என்னும் வேறொரு கோப்பிற்கு மாற்றுங்கள், அழித்துவிடாதீர்கள். கடந்த ஆண்டு கல்யாணத்திற்கு எத்தனை கிலோ அரிசி போட்டோம், யாரிடம் பாத்திரம் எடுத்தோம் என்பதற்கெல்லாம் அந்தக் கோப்பே விடை சொல்லும். ஒரு வரி பல வாரங்களாக அசையாமல் கிடந்தால், அதைச் சிறிய வேலையாக உடையுங்கள். அல்லது, ‘இதைச் செய்யப் போவதில்லை’ என்று துணிந்து நீக்குங்கள்.

கோப்பால் ஆகாதவை

இந்தக் கோப்பு மணியடிக்காது. மருத்துவரைப் பார்க்கும் நேரம், தொடர்வண்டி நேரம் போன்றவற்றுக்குக் கைபேசியின் அலாரத்தையே நம்புங்கள். கோப்புக்குப் பூட்டும் இல்லை. கைபேசி யார் கையில் கிடைத்தாலும் திறந்து படித்துவிடலாம். ஆகையால் வங்கியின் ரகசிய எண்ணையும் கடவுச்சொற்களையும் மறந்தும் அதில் எழுதாதீர்கள். கைபேசி தொலைந்தால் கோப்பும் தொலையும். எனவே வாரந்தோறும் அதன் படி ஒன்றை வீட்டுக் கணினியிலோ உங்கள் மின்னஞ்சலிலோ சேமித்துவையுங்கள்.

கைபேசியில் குறிப்பெழுதும் செயலிகள் பல, எழுதியதைத் தம் சொந்தப் பெட்டகத்திலேயே பூட்டி வைக்கின்றன. கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிகிறதா, அதைப் படியெடுத்து வேறு கருவியில் திறக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள். தட்டச்சுக்குப் பழகாத பெரியவர்கள் நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்திலேயே இதே விதிகளைப் பின்பற்றலாம். தேடும் வசதி இராதே தவிர, தலைச்சுமை குறைவது உறுதி.

இன்னொருவர் படிக்கும்படி

இறுதியாக ஒன்று. பட்டியல் ஒருவர் தலைக்குள் இருக்கும்வரை, வேலையைப் பகிர்ந்துகொள்ள யாருக்கும் வழியில்லை. ‘சொன்னால் செய்திருப்பேனே!’ என்பார் கணவர். ‘இதையெல்லாமா சொல்ல வேண்டும்?’ என்பார் மனைவி. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. சொல்வதற்கென்று நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு வேலை என்பதைத்தான் நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டின் சுமையைத் தலையில் தாங்கும் தாய் இரண்டு நாள் மருத்துவமனையில் படுத்துவிட்டால், அந்த வீட்டில் எந்த மாத்திரை எப்போது என்பது யாருக்குத் தெரியும்? எந்தக் கட்டணம் கட்டியாகிவிட்டது, எது பாக்கி என்று யார் சொல்வார்கள்? அந்த நேரத்தில் மகளோ மகனோ கோப்பைத் திறந்து, ‘உம்மா, நீங்கள் கவலைப்படாதீர்கள், எல்லாம் இங்கே இருக்கிறது’ என்று சொல்ல முடிந்தால் அதுவே பெரிய ஆறுதல். ஆகவே உங்களுக்கு மட்டும் புரியும் சுருக்கெழுத்தில் எழுதாமல், வீட்டில் உள்ள எவரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் செய்ய வேண்டியவரின் பெயரையும் சேர்த்துவிட்டால், பிள்ளைகளும் தங்கள் பங்கைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் இரு கருவிகளில் திருத்தினால் ஒருவர் எழுதியது அழிந்துபோக வாய்ப்புண்டு. ஆதலால் எழுதுபவர் ஒருவர், படிப்பவர் பலர் என்று வைத்துக்கொள்வது நலம்.

இன்றிரவு படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு புதிய கோப்பைத் திறந்து ‘வேலைகள்’ என்று பெயரிடுங்கள். தலைக்குள் இருப்பதையெல்லாம், பெரிது சிறிது பாராமல், வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். குறிகளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். அவை தேவைப்படும்போது தாமே வந்து சேரும். எழுதி முடித்ததும் அதை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘இத்தனையையுமா நீ ஒருத்தியாக நினைவில் வைத்திருந்தாய்?’ என்று அவர் வியந்து கேட்டால், அந்தப் பட்டியலில் தம்மால் இயன்ற வரிகளுக்கு நேரே அவர் பெயரை அவரையே எழுதச் சொல்லுங்கள்.